துளை எண் இரண்டு

நூலகத்துக்கு இடம் பார்க்கப் போனோம்.
பதிவாளர், இரண்டு பேராசிரியர்கள்,
தொப்பி வைத்த கட்டடக்கலைஞர்,
சர்வேயர் சபியுல்லா,
மண்ணைச் சோதிக்க நான்.
சித்திரை வெயில். இரண்டு கார்.

முதல் இடம் புறவழிச்சாலை ஓரம்.
பதிவாளர் கதவைத் திறக்கவில்லை,
கண்ணாடியை மட்டும் இறக்கினார்:
“பஸ் நிக்குமா?”
நிற்கும் என்று எல்லாத் தலையும் ஆடியது.

இரண்டாவது
முடிகொண்டான் ஆற்றுக்குத் தெற்கே ஏழு ஏக்கர்.
உளுந்து எடுத்த தரை,
கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு.
ஒரு பேராசிரியரின் பேனா மூடி உள்ளே விழுந்தது.
குனிந்து தேடினார், பாவம்.
களிமண் அதை ஐப்பசிக்கு மேல்தான் திருப்பித் தரும்,
அதுவும் வேறு யாருக்காவது.

மூன்றாவது, வரைபடத்தில் தரிசு.
போனால் கோரை, நடுவே ஒற்றை நாரை.
சபியுல்லா பதிவேட்டைப் புரட்டிக் குரலைத் தாழ்த்தினார்:
“இது குளம் சார்.”
“தண்ணியே இல்லையே?”
“இன்னும் வரல சார்.”

புத்தகத்தின் எடையை யாரும் நினைப்பதில்லை.
வகுப்பறைக்கு ஆள் வருவான், போவான்.
புத்தகம் எழுந்து போகாது.
அலமாரி நெருங்கிய தளமென்றால்
சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ;
படித்தாலும் படிக்காவிட்டாலும் அதே ஆயிரம்.
இந்தப் பக்கத்தில் பாறை என்பது கேள்விப்பட்ட சொல்.
ஆறு கொண்டுவந்து போட்டதன்மேல்
ஆறு கொண்டுவந்து போட்டது,
அதன்மேல்தான் கோபுரம், பஸ் ஸ்டாண்டு, எல்லாம்.

ரிக் வந்தது.
உத்திராபதி சுத்தியலைத் தூக்கித் தூக்கி விட்டு
வாய்விட்டு எண்ணினார்.
வரப்பில் ஒரு பெண் நின்றிருந்தாள்.
கோசலை. அந்த ஏழு ஏக்கருக்குக் குத்தகைக்காரி.
“என்னத்த எண்றாரு?”
“அடி.”
“எத்தனை அடி ஆழம்னா?”
“இல்ல, ஓரடி எறங்க எத்தனை அடின்னு.”
“எத்தனை?”
“நாலு.”
“நல்ல மண்ணு,” என்றாள்.
நான் அந்நேரம்
‘மிக மோசம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது மீட்டரில் சாம்பல் நிற மணல்.
உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன்:
பொடிப் பொடியாய்ச் சிப்பி.
எந்த ஆறு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.
‘நடுத்தர மணல், ஈரம்’ என்பதற்கு மேல்
படிவத்தில் கட்டமில்லை.

வைகாசிக் கடைசியில் கூட்டம்.
என் நாற்பத்தாறு பக்க அறிக்கைமேல்
யாரோ தேநீர்க் கோப்பையை வைத்தார்கள்.
பதினொரு நிமிடம்.
முதல் இடம்.
பஸ் நிற்கும்.

துளைகளை மூடுவது என் பொறுப்பு,
ஒப்பந்தத்தின் கடைசி வரி.
ஆனியில் மணல் மூட்டையோடு போனேன்.
வாய்க்காலில் தண்ணீர்.
அக்கம்பக்கமெல்லாம் நாற்றங்கால் பச்சை;
ஏழு ஏக்கர் மட்டும் துடைத்த சிலேட்டு.
துளை எண் இரண்டின் அருகில் ஒரு குச்சி,
மாடு கால் வைத்துவிடாமல் இருக்க
நுனியில் சிவப்புத் துணி.
கட்டியவளே வந்தாள்.

“இங்க இல்லையாம்மா?”
“இல்லங்க.”
“நெலத்துக்காரரு மெட்ராசுலேர்ந்து போன் பண்ணாரு.
கட்டடம் வருது, வெதைக்காதேன்னாரு.
நானும் நாத்து விடல.”
கொஞ்ச நேரம் கழித்து,
“எப்ப முடிவாச்சு?”
“இருபது நாளாச்சு.”
பக்கத்து வயலைப் பார்த்தாள்.
அந்த நாற்றுக்கும்
இருபது நாள் இருக்கும்.

கூட்டத்தில் யாரும் இவளைக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
என் அறிக்கையில் மண்ணுக்கு மேலே எதுவும் கிடையாது.

மூட்டையைப் பிரித்தேன்.
கணக்குப்படி பதினைந்து சட்டி.
அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள்;
உத்திராபதியைப் போலவே வாய்விட்டு எண்ணினாள்.
பதினாலு.
பதினைஞ்சு.
பதினாறு.
இருபத்திரண்டிலும்
மணல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.