மூன்றாம் நிமிடம்

தக்கலையில் டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேலே
தாணுமாலயனின் அறை.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மூன்று மணி.
ஆளுக்கொரு தட்டு கொண்டுவர வேண்டும்.
தட்டு ஓடும்போது பேசுகிறவர்
அடுத்த முறை பழம்பொரி வாங்க வேண்டும்.
வேறு சட்டம் இல்லை.
ஜாஸ் என்றால் கீழே கடைப் பையனுக்குப் புரியாது.
"அண்ணன்மாருக்க பீப்பீ" என்பான்.

என் தட்டுகளில் புகை வாசம் அடிக்கும்.
குலசேகரத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்கு
அடுத்த அறையில்தான் அவை தூங்குகின்றன.
உறையைப் பிரித்ததும் டெல்பின் மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.
மஸ்கட்டில் பதினோரு வருடம் நைட் டூட்டி பார்த்தவள்.
டிரம்ஸை பிரஷால் தடவும் ஓசை மட்டும்தான்
நோயாளியை எழுப்பாது என்பாள்.

பீர்முகம்மது கப்பல் இன்ஜினுக்கு எண்ணெய் போட்டவர்.
எந்தத் துறைமுகத்தில் எந்தத் தட்டு என்று சரியாகச் சொல்வார்,
விலையை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்வார்.
ரசலையன் பேண்டு செட்டில் டிரம்பெட்.
கல்யாணம், குருசடித் திருவிழா, சவ அடக்கம்.
கேட்கும்போது அவன் வலது கை விரல்கள் மூன்றும்
தொடையில் அமுங்கி எழும்.
பிடிக்காவிட்டால் சும்மா கிடக்கும்.
தட்டு கொண்டுவந்தவர்
அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஆடி மாதம்
என் உயிர்த் தட்டை பீர்முகம்மதுக்கு இரவல் கொடுத்தேன்.
சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ். நாலே பேர்.
உறையின் எழுத்தைக் கரையான் தின்றிருந்தது,
வாசித்தவன் பெயர் எங்களுக்குத் தெரியாது.
திரும்பி வந்தபோது இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல்.
மூன்றாம் நிமிடத்தில்
சாக்ஸபோன் ஏணியில் ஏறி
கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்று
நாலே ஸ்வரம்,
திரும்ப நாலே ஸ்வரம்,
திறக்காத கதவுமுன் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல.
யாராவது எழுந்து முள்ளைச் சுண்டினால்தான் மேலே போகும்.

"நான் ஒண்ணும் செய்யேல மக்கா,
அது தானாட்டு கீறிச்சு."
இரண்டு மாதம் அவரோடு நான் பேசவில்லை.
ஆனால் தட்டைக் கொண்டுபோனேன்.
எதைப் போட்டாலும் கடைசியில் தாணுமாலயன்
"அந்தச் சவத்த ஒருக்க போடும் ஓய்" என்பார்.
எத்தனை சுற்று விடலாம் என்பதில் சண்டை.
டெல்பின் ஐந்து என்பாள். நான் மூன்று.
தகரத்தில் மழை இரைந்த ஒரு ஞாயிறு
பதினேழு சுற்று ஓடிற்று, யாரும் எழவில்லை.
பதினெட்டாவதில் கரண்டு போயிற்று.

பிறகு டெல்பின்
அதே வாசிப்பைக் கீறல் இல்லாமல்
போனில் பிடித்து வந்தாள்.
வாசித்தவன் பெயரும் அதில் இருந்தது,
யாரும் கேட்கவில்லை.
மூன்றாம் நிமிடம்.
தாணுமாலயன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.
சாக்ஸபோன் நிற்கவில்லை,
கடைசிப் படியைத் தாண்டி
மொட்டைமாடிக்குப் போய்விட்டது
எங்களை விட்டுவிட்டு.
ரசலையனின் விரல்கள் மட்டும்
பழைய படியிலேயே நாலு முறை அமுங்கின.
"நல்ல சுத்தமாட்டு இருக்கு" என்றார் பீர்முகம்மது.
சட்டப்படி அவர்தான் பழம்பொரி வாங்க வேண்டும்,
யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

போன வியாழக்கிழமை
ஷீட் விற்ற பணத்தோடு
திங்கள்சந்தையில் பஸ்ஸுக்கு நின்றேன்.
ஒரு சவ ஊர்வலம் வந்தது. செத்தவர் யாரோ.
பேண்டு செட்டு
ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு கீர்த்தனையை
இழுத்துக்கொண்டு போயிற்று.
உப்பிய கன்னத்தோடு ரசலையன் என்னைப் பார்த்துவிட்டான்.
பாட்டு மேலேறும் இடத்தில் நின்று
நாலே ஸ்வரம்,
திரும்ப நாலே ஸ்வரம்.
டிரம்காரன் திரும்பி முறைத்தான்.
பெட்டி சுமந்தவர்களின் கால்
ஒரு அடி பிந்தியது.
பணப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
காற்றில்
விரலால் ஒரு சுண்டு சுண்டினேன்.
அவன் மேலே போனான்.