மூன்றாவது பித்தான்

கொணவட்டத்தில் என் கடைக்கு வரும் வண்டிகளில்
பாதி ஆணி எடுக்க வரும்.
மீதி காற்றுக்கு.
இது நாலு புது டயரை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது.
முப்பத்து மூன்று அங்குலம்,
ஒவ்வொன்றும் ஒரு சிப்பம் அரிசி கனம்,
ரப்பரின் மீசைமயிர்கூட உதிரவில்லை.

அத்தீக் மேல்விஷாரத்துக்காரர்.
ஷூவுக்கு மேல்தோல் தைத்து அனுப்புகிறவர்.
பிக்கப்பை ராணிப்பேட்டையில் யாரோ
இரண்டு அங்குலம் தூக்கிக் கொடுத்திருந்தார்கள்.
குனிந்து பார்த்தேன்.
பின்னால் பட்டைக்கடியில் கட்டை, முன்னால் ஸ்பேசர்.
எங்கேயும் வெல்டிங் வைக்கவில்லை,
அதுவரைக்கும் புண்ணியம்.

"இத்த மாட்டிட்டா இன்னும் மூணு இஞ்ச் ஏறிடும் இல்லக்கா?"

ஏறாது.
பழைய டயருக்கும் இதற்கும் வித்தியாசம் மூன்று.
அதில் பாதிதான் வண்டியைத் தூக்கும்.
மறுபாதி மேலே போய்
மட்கார்டுக்குள் தலையை நுழைக்கும்.
சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினேன்,
வட்டம் முட்டையாகத்தான் வந்தது.
அவர் அந்த முட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்
எண்ணி வாங்கிய கட்டில்
ஒரு நோட்டு குறைந்தவர் மாதிரி.

எத்திராஜ் ஜாக்கி வைத்தான்.
விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி
காற்றை விட்டால்
ரிம்மில் உட்காரும்போது டயர் இரண்டு தரம் வெடிக்கும்.
அத்தீக் இரண்டு தரமும் துள்ளினார்.
நிழலில் படுத்திருந்த நாய்
எட்டு தரமும் கண் திறக்கவில்லை.

மாட்டி இறக்கினோம்.
நேராக நிற்கும்போது எதுவும் உரசவில்லை.
வலப்பக்கம் முழுக்க ஒடித்தால்
உள்பக்கப் பிளாஸ்டிக்கை லேசாக நக்கியது.
அதோடு விட்டால் பாதி வேலைதான்.
பக்கத்து மனையில் வீடு இடித்த செங்கல்மேடு,
அதன்மேல் ஒரு சக்கரத்தை ஏற்றச் சொன்னேன்.
ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில்,
ஸ்டியரிங் கடைசிவரை.
கர்ர்ர்.

"வெட்டணும்" என்றேன்.
"புது வண்டியாச்சேக்கா."

நாளெல்லாம் தோல் வெட்டுகிற கை
ஒரு முழம் பிளாஸ்டிக்கைக் கண்டு பின்வாங்கியது.
எத்திராஜ் பிளேடை எடுக்கப் போனான், பிறகு வைத்துவிட்டான்.
கொஞ்ச நேரம் கழித்து அத்தீக்
சட்டைப்பையிலிருந்து வெள்ளிமசிப் பேனாவை எடுத்தார்,
தோலில் குறி போடும் பேனா.
சக்கரக்குழிக்குள் தலையை விட்டு
உரசின தழும்புக்கு ஓர் இழை வெளியே
தையலுக்கு இடம் விடுகிறவர்போல
கோடு இழுத்தார்.
முப்பது வருஷத்தில் என் கடையில்
அப்படி ஒரு கோடு விழுந்ததில்லை.
நான் அதன்மேலேயே வெட்டினேன்.
கதவோரத் தகட்டு மடிப்பைச் சுத்தியலால் படுக்கவைத்தோம்.

அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னார்.
போன கார்த்திகை, காட்பாடி,
ரயில் பாலத்துக்கடியில்.
அப்போது இருந்தது சின்ன வண்டி.
பின்னால் தொள்ளாயிரம் ஜோடி,
மறுநாள் சென்னையில் கண்டெய்னர்.
"எவ்ளோ தண்ணி?" என்று எத்திராஜ் கேட்டான்.
அத்தீக் தன் சட்டையில்
மூன்றாவது பித்தானைத் தொட்டுக் காட்டினார்.
"ரெண்டு நாள் அப்படியே நின்னுச்சு" என்றார்.
சுத்தியல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

மீட்டர் இனிமேல் குறைத்துக் காட்டும்,
அறுபது என்றால் அறுபத்தாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.
ஸ்டெப்னி கீழே தொங்காது, பின்னால்தான் போடணும்.
ஆர்.டி.ஓ. கேட்டால் என் கடைப் பேரை மறந்துவிடுங்கள்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
எதையும் கேட்கவில்லை.

பின்கதவைத் திறந்து
சரக்குத் தட்டோடு ஒட்டி நின்றார்.
மோவாயை நெஞ்சில் புதைத்து எண்ணினார்.
காலையில் வந்தபோது
தட்டு ஐந்தாவது பித்தானில் இருந்ததாம்.
இப்போது நாலாவது.
ஒரு நாள் வேலைக்கு ஒரு பித்தான்.

மூச்சை விட்டு, தோளை இறக்கி
இன்னொரு தரம் எண்ணினார்.
நாலாவதுதான்.
பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
சட்டையைப் பிடித்துக் கொஞ்சம்
கீழே இழுத்துவிட்டார்.

எத்திராஜுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.
நான் போய்க் கம்ப்ரஸரைப் போட்டேன்.