கேஸ்கெட்

இருபத்திரண்டு வருஷம் குழாய் பார்த்தவன் நான்.
சிப்காட்டில், பேர் மூன்று முறை மாறிய கம்பெனி,
பி பிளாக், இரவு ஷிஃப்ட்.
ஃபிளாஞ்ச் லேசாக வியர்த்தால் போதும்,
சொட்டு திரளும் முன்னே
வால்வை மூடிவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவேன்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது சுற்றுக்கு
குடிகாட்டிலிருந்து இருட்டோடு கிளம்பினோம்.
ரெட்டிச்சாவடியில் டீ. அரியாங்குப்பத்தில் நெரிசல்.
கோரிமேட்டில் டோக்கன் நாற்பத்தொன்று.
தையல்நாயகி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.
எனக்கு அதன் வாசனையே ஆகவில்லை.

நரம்பு கிடைக்கவில்லை.
முன்கையில் இரண்டு முறை குத்தித் தோற்று
கடைசியில் புறங்கையில் ஒரு பச்சைக் கோடு.
சிஸ்டர் அமலோற்பவம் தட்டித் தட்டி அதை எழுப்பினாள்.
"எரிஞ்சா உடனே சொல்லணும் அண்ணே, பொறுத்துக்கக் கூடாது."
தலையாட்டினேன்.

சிவப்பு மருந்து.
ரோஸ்மில்க் என்றான் பக்கத்து நாற்காலிப் பையன்,
பாகூர்க்காரன், மீசை இன்னும் சரியாக முளைக்காதவன்.
சொல்லிவிட்டு அவனே வாந்தி எடுத்தான்.

சிறிது நேரத்தில் எரிந்தது.
முதலில் பச்சை மிளகாய் நறுக்கின கை மாதிரி,
அப்புறம்
கையுறை போடாத நாளில் வெல்டிங் பொறி விழுந்த மாதிரி.

சிஸ்டர் அந்தப் பையனின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.
வாசலில் இன்னும் முப்பது பேர்.
மறுபடி நரம்பு தேடுவார்களே என்ற பயம் வேறு.
நாலரை மணிக்கு பஸ்.
எரியத்தான் செய்யும் போல,
எரிந்தால்தான் வேலை செய்யும் போல
என்று எனக்கு நானே ஒரு சமாதானம்.

எங்கள் பிளாக்கில் எவனாவது
இப்படி நினைத்துக்கொண்டு நின்றிருந்தால்
கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

தையல்நாயகிதான் பார்த்தாள்.
"என்னங்க இது, கை பன்னு மாதிரி!"

சிஸ்டர் ஓடி வந்தாள்.
முதலில் மூடினாள். அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டாள்.
ஊசியைப் பிடுங்கவில்லை,
அதன் வழியாகவே சிரிஞ்சில் இழுத்தாள்.
கொஞ்சம் இளஞ்சிவப்பாய்த் திரும்பி வந்தது.
வீக்கத்தைச் சுற்றி பேனாவால் ஒரு கோடு,
கோட்டின் மேல் மணி: 12.40.
ஐஸ் பை. கையைத் தலையணைமேல் தூக்கி வை.

நாலாம் நாள் சிவப்பு கோட்டைத் தாண்டியது.
பதினோராம் நாள் தோல் கறுத்து,
விளிம்பு உரிந்து,
உள்ளே வெள்ளையாய் ஒன்று தெரிந்தது.
நரம்பில்லை, விரலை நீட்டும் தசைநாண் என்றார்கள்.
வெட்டி எடுத்தார்கள். தொடைத் தோலைக் கொண்டுவந்து ஒட்டினார்கள்.
நட்டு பிடித்த விரல் இரண்டு இன்னும் மடங்கவில்லை.
கழலை மட்டும் கரைந்துகொண்டிருக்கிறதாம்.
டாக்டர் அதற்குக் கைகுலுக்க வந்து
இடது கையை நீட்டினார்.

"நான் திரும்பிப் பார்த்திருக்கணும் அண்ணே."
"நான் சொல்லியிருக்கணும்மா."
டிரெஸ்ஸிங் மாற்றும் நாளெல்லாம் இதே பேச்சு.
யாரும் ஜெயிக்கவில்லை.

ஆறு வாரம் தள்ளி நாலாவது சுற்று.
இந்தத் தடவை மார்பில், தோலுக்கடியில், ஒரு போர்ட்.
நல்ல ஃபிட்டிங். தடவிப் பார்த்தேன்.
சிஸ்டர் வெறும் சலைன்தான் திறந்திருந்தாள்.

"எரியுது" என்றேன்.

கை கிளாம்புக்குப் போய்விட்டது அவளுக்கு.
"எங்கண்ணே? இன்னும் மருந்தே போடலையே!"

"தெரியும்மா.
சொல்ல வருதான்னு பார்த்தேன்."