ஏழும் எட்டும்

மெஸ்யத் எல்லையில் எங்களுக்கு முன்னால்
ஆடுகள் ஏற்றிய ஒரு பிக்கப்.
ஒவ்வொரு காதிலும் மஞ்சள் இலக்கம்.
எங்கள் காரில் இலக்கம் குத்தியது ஒன்றுதான்:
டிக்கிக்குள் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு,
உள்ளே கம்ஷியின் காற்றுத் துப்பாக்கி.

ஞாயிறு மஸ்கட்டில் போட்டி.
பதினாறு வயதுக்குட்பட்டோர், பத்து மீற்றர்.
போற போக்கில் மூன்று நாள் விடுமுறை என்று
கடலோரம் அறை பதிந்திருந்தார் றெஜி.

அவருடைய கோப்பைத் தூக்கினால் கை நோகும்.
கிளப்பின் கடிதம், அமைச்சின் அனுமதி,
அந்தப் பக்கத்து அழைப்பு,
எல்லாம் மும்மூன்று பிரதி.
உளுந்தளவு ஈயக் குண்டு ஐந்நூறு, வேறு பெட்டியில்.
வியாழன் இரவு சாப்பாட்டு மேசையில்
உண்மையாகவே எண்ணினார்.
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்ததும்
மேசைக்கடியில் தவழ்ந்தார்.

எமிரேட்ஸ் பக்கம் ஐந்து நிமிடம்.
ஓமான் பக்கத்தில் ஒரு பெண் அதிகாரி,
பெயர்ப்பட்டியில் ஷம்ஸா.
பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.
கம்ஷிதான் திறந்தாள், எங்களைத் தொட விடவில்லை.
குழல் சுவர்ப்பக்கம்,
உள்ளே வெறுமை என்று காட்டச் செருகிய
செம்மஞ்சள் நூல் வெளியே நீட்டிக்கொண்டு.
ஷம்ஸா குனிந்து இரும்பை வாசித்தாள்,
தாளை வாசித்தாள்,
மறுபடியும் இரும்பை.

இரும்பில் கடைசி எண் ஏழு.
தாளில் எட்டு.

அரபியில் ஏழென்பது நிமிர்த்தி வைத்த கிண்ணம்.
கவிழ்த்தால் எட்டு.
எங்கோ ஒரு எழுதுவினைஞர் கவிழ்த்துவிட்டார்,
எங்கள் விடுமுறை கொட்டுண்டுவிட்டது.

வெள்ளி. மதியம் தாண்டிவிட்டது.
அல் ஐனில் யாரும் போன் எடுக்கவில்லை.
றெஜி கிளிப்புகளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார்.
ஷெறோனுக்கு மூத்திரம்.
ஆடுகள் எப்போதோ போய்விட்டன.

அப்போதுதான் கண்டேன்,
யாரும் கேட்காமலே என் கைப்பை
மேசையில் திறந்து கிடந்தது.
பாஸ்போர்ட், ஆஸ்பத்திரி அடையாள அட்டை, பனடோல்,
ஷெறோனின் டோர்ச்சுக்கு வாங்கிய நாலு பெட்டரி,
எல்லாவற்றையும் வரிசையாக
நானே அடுக்கியிருக்கிறேன்.

தாண்டிக்குளத்தில் எனக்குப் பதினாலு வயது.
பாவாடைக் கரைக்குள் தைத்து இரண்டு பெட்டரி,
றேடியோவுக்கு.
தடவிக்கொண்டு வந்த விரல்கள்
கரையில் நின்றன.
அந்த நிற்பு இன்னும்
கால் தோலில் இருக்கிறது.
மற்றதை நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.
இங்கும் சொல்லப் போவதில்லை.

ஒரு பெட்டரி உருண்டது.
விளிம்பில் ஷம்ஸா பிடித்தாள்.
என் மகளின் துப்பாக்கிக்கு முன்னால் நின்றுகொண்டு
அதைப் பையில் போட்டாள்,
மற்ற மூன்றையும் போட்டாள்,
சிப்பையும் இழுத்து மூடினாள்.
ஏதோ சொன்னாள். அரபி.
'இது தேவையில்லை' என்றிருக்கலாம்.
'அடுத்த ஆள்' என்றும் இருக்கலாம்.

மூன்றே முக்காலுக்குக் கிளப்பிலிருந்து படம் வந்தது:
பதிவேட்டின் பக்கம், கடைசி எண் ஏழு.
அரபி தெரிந்த யாரோ அதில் வட்டம் போட்டிருந்தார்கள்.
எட்டை வெட்டி மேலே ஏழெழுதி
நீல முத்திரை குத்தினாள் ஷம்ஸா.
குண்டுகளை எண்ணவில்லை.
றெஜிக்கு அது கொஞ்சம் மனவருத்தம்.

ஹஃபீத் மலை பின்கண்ணாடியில் சிறுத்தபோது
கம்ஷி கேட்டாள்:
"அம்மா, பெட்டரியை ஏன் எடுத்துக் காட்டினீங்கள்?"

"பழக்கம்," என்றேன்.

"அதுக்குப் பேமிற் வேணாமே!"

ஷெறோன் டோர்ச்சைக் கேட்டான்.
வெயில் எரித்துக்கொண்டிருந்தது.
அந்த வெயிலுக்குள் போட்டு,
அணைத்து, திரும்பப் போட்டு,
இப்ரி வரைக்கும்.
நான் தடுக்கவில்லை.