கால் வைத்த நேரம்

சுரங்க வாயிலில்
பித்தளை வில்லைகள் தொங்கும் பலகைக்குக் காவல் நான்.
உள்ளே போகிறவன் தன் வில்லையைச் சிவப்புக் கொக்கியில் மாட்டுவான்,
வெளியே வந்ததும் பச்சைக்கு மாற்றுவான்.
சிவப்பில் ஒன்று மிஞ்சினால்
மலைக்குள் ஓர் ஆள் மிச்சம் என்று கணக்கு.

என் வில்லையில் 'மிர்சா' என்றிருக்கும்.
என் பெயர் மிர்சாத்.
கடைசி எழுத்தை வெட்ட மறந்தார்கள், பதினோரு வருடம் முன்பு.
நானும் கேட்கவில்லை.
இரண்டு விரலைத் துளைப்பொறிக்குக் கொடுத்த பிறகு
இந்தக் கூண்டைத் தந்தார்கள்.
ஹீட்டர் உண்டு. குறை சொல்லக் கூடாது.

எனக்கு நேர் மேலே, பாறையைக் குடைந்த மாடத்தில்
புனித பார்பரா நிற்கிறாள்.
இந்த ஆஸ்திரிய மலையில் வெடி வைக்கும் எவனும்
அவளைக் கும்பிடாமல் உள்ளே போகமாட்டான்.
சுரங்கத்துக்கே ஒரு பெண்ணின் பெயர்தான்:
மந்திரியின் மனைவி வந்து, மதுப்புட்டியை உடைத்து,
பெயரைக் கொடுத்துவிட்டு
சேறு படாமல் காருக்குத் திரும்பினாள்.
பெண் வாயிலில் நிற்கலாம். பெயராக இருக்கலாம்.
உள்ளே மட்டும் வரக்கூடாது,
மலைக்குப் பொறாமையாம்.

மார்ச்சில் ரொமானா ஹோல்ட்சர் வந்தாள்,
பாறைப் பொறியாளர், கையில் நியமனக் கடிதம்.
கிடங்கில் இருந்த ரப்பர் பூட்ஸில் ஆகச் சின்னது நாற்பத்தொன்று.
அவள் கால் முப்பத்தேழு.
செய்தித்தாளைச் சுருட்டி நுனியில் திணித்தாள்,
விளையாட்டுப் பக்கம் வலதுக்கு, வரி விளம்பரம் இடதுக்கு.
கழிப்பறை எங்கே என்றாள்.
நான் காட்டைக் காட்டினேன்.
இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று சிரித்தேன்.

அவள் கால் வைத்த நேரம்
சிமெண்ட் பம்பு அடைத்தது. அவளாலே.
கன்வேயர் பட்டை அறுந்தது. அவளாலே.
லோரன்ஸின் மனைவி விவாகரத்துக் கேட்டாள்,
அதற்கும் ஏதோ ஒரு வழியில் அவளே.
ஆலோய்ஸ் மேஸ்திரி, இருபத்தெட்டு வருடம் மலைக்குள் இருந்தவர்,
அவள் கைவைத்த பாறையைத்
துப்பிவிட்டுத் தாண்டுவார்.
நானும் சொன்னேன், ஒளிக்கமாட்டேன்,
காபிக் கோப்பையைப் பிடித்தபடி: 'இது நல்லதுக்கில்லை.'
அவர்களோடு சேர்ந்து அதைச் சொல்லும்போதுதான்
என் பெயர் முழுசாக இருப்பதுபோல் இருந்தது.

அக்டோபர் ஒன்பது, இரவுப் பணி.
மூன்றாம் கிலோமீட்டரில் கூரை இறங்கியது.
முதலில் காற்று வந்தது, கூண்டுக் கதவு தானாய்த் திறந்தது,
பிறகு சத்தம், பிறகு தூசி.
பதினாலு பேர் ஓடி வந்தார்கள், மாவில் புரட்டிய மீன்கள் போல.
பதினாலு வில்லையும் பச்சைக்குத் திரும்பும்வரை
நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.
உள்ளே மாட்டியது ஒரு லாரி மட்டும்.

ஆலோய்ஸ் தூசியைத் துப்பிவிட்டு
வாயைத் திறந்தார். பலகையைப் பார்த்தார்.
அவள் வில்லை நான்கு நாளாகப் பச்சையில்.
லின்ஸ் நகரில் தங்கை கல்யாணம், விடுப்பு.

திறந்த வாய் அப்படியே நின்றது.
எல்லோரும் நின்றோம்,
பழியைக் கையில் ஏந்திக்கொண்டு,
இறக்கி வைக்க இடமில்லாமல்.
ஒருவன் அண்ணாந்து பார்பராவைப் பார்த்தான்.
சீச்சீ என்று அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
கடைசியில் யாரோ, தயங்கித் தயங்கி,
'பாறையாக இருக்குமோ' என்றான்.

திங்கட்கிழமை வந்தாள்,
கண்ணோரம் கல்யாண மை இன்னும் கொஞ்சம்.
விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு போய்
சரிந்த இடத்தில் ஆறு மணி நேரம் இருந்தாள்.
திரும்பி வந்து குதிகால் கொப்புளத்தை
என் ஹீட்டர் முன் காயவைத்தாள்.
பூட்ஸுக்குள் காகிதம் கூழாகியிருந்தது.

அன்று கொள்முதல் படிவம் எடுத்தேன்.
ரப்பர் பூட்ஸ், அளவு முப்பத்தேழு, இரண்டு ஜோடி.
கிடங்கிலிருந்து ஃபோன்: ஒருத்திக்கு எதற்கு ரெண்டு?
வரப்போகிறவளுக்கு என்றேன்.
முப்பத்தெட்டிலும் ஒன்று போடு,
அவள் கால் என்ன அளவோ, யார் கண்டது.
கழிப்பறைக்கு அலுவலகம் இன்னும் பதில் தரவில்லை.
ஆலோய்ஸ் இன்னும் துப்புகிறார், ஆனால் வேறு பக்கமாக.

படிவத்தின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது.
பித்தளை வில்லை, ஒன்று, என்று எழுதினேன்.
பெயர்: மிர்சாத்.
கடைசி எழுத்தை
இரண்டு முறை அழுத்தினேன்.