மூன்றாம் தொகுதியின் மெய்ப்பு

முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
இறையாண்மை, இரையாண்மை ஆகியிருந்தது.
சிவப்புப் பேனா கையில் இருக்கிறது.
திருத்தவில்லை.
டீ வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பாளையங்கோட்டை, தெற்கு பஜார், மாடியில் அச்சகம்.
கீழே எவர்சில்வர் கடை.
குடம் ஒன்று உருண்டால்
எனக்கு ஒரு வரி தவறும்.

இந்த மனுஷன் எந்த ஊர் என்றுகூட
மனசில் நிற்கவில்லை.
படத்தில் கோட்டு, ஜன்னலுக்கு வெளியே பனி.
நாற்பது வருஷமாக ஒன்றையே எழுதியிருக்கிறார்:
வாக்குப் போடும் நாடும் வாக்குப் போடும் நாடும்
போர் செய்வதில்லை.
முதல் தொகுதியில் அடித்துச் சொல்கிறார்.
இரண்டாவதில் பக்கம் பக்கமாக அட்டவணை.
மூன்றாவதில்
‘பெரும்பாலும்’ என்றொரு சொல் வந்து ஒட்டியிருக்கிறது.
அந்தச் சொல்லில்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

போர் என்றால் எங்கள் பக்கம் முதலில் வைக்கோல்.
அப்புறம் தண்ணீர்.
கால்மறிச்சான்காரன் முந்நூறு அடியில் போர் போட்டால்
நடுப்பற்றில் நாங்கள் நானூறு.
மொழிபெயர்த்த ரெஜினா புஷ்பத்திடம் போனில் சொன்னேன்.
சிரித்துவிட்டு, அடிக்குறிப்பு போடலாமா என்றாள்.
போடவில்லை.

இரண்டு ஊருக்கும் கால்வாய் ஒன்று.
ஷட்டரைத் திருகும் இரும்புக் கைப்பிடியும் ஒன்றுதான்.
அங்கேயும் தேர்தல், இங்கேயும் தேர்தல்.
விரலில் வைத்த மை அழியுமுன்னே
அதே கையில் கல்லெடுத்தவர்களை
எனக்குப் பெயர் பெயராகத் தெரியும்.
பெரும்பாலும், ஐயா. பெரும்பாலும்.

போன தடவை மை வைக்கவே இல்லை.
சுடலைமாடன் கோயில் முன்னால்
தலைவர் பதவி ஏலம் போனது, கொடைச் செலவுக்கு.
பதினொன்றே கால் லட்சம், மாசானமுத்து.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.
முப்பிடாதி எழுந்தாள். மடியில் பீடி இலைத் தூள்.
‘ஆருக்குன்னு சொல்லாமப் போடுத ஓட்டு
எனக்கு ஒண்ணு இருந்துச்சுல்லா,
அதுக்கு எவ்வளவு கழிச்சிருக்கீய?’
பீடிக் கம்பெனியில் கழிவு பார்ப்பவன்
கட்டைப் பிரிக்கும்போது கேட்கிற குரல் அது.
‘ஏட்டி, உக்காரு’ என்றார்கள்.
மூணு தரம் சொல்லி முடிகிற வரை
நின்றுகொண்டுதான் இருந்தாள்.
நான் உட்கார்ந்திருந்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஆனியில் சண்டை இல்லை.
மாசானமுத்துவும் கால்மறிச்சான் தலைவரும் சம்பந்தி.
கைப்பிடி இரண்டு வீட்டுக்கும்
சீர்த்தட்டு மாதிரி போய்ப் போய் வந்தது.
கல்லெறி இல்லை, கேஸ் இல்லை,
இன்ஸ்பெக்டர் வந்து மோர் குடித்துவிட்டுப் போனார்.
கடைமடையில் முப்பிடாதியின் பதினாறு சென்ட்
கதிர் வாங்கும் முன்னே கருகியது.
அதை யாரும் போர் என்று சொல்லவில்லை.
எந்த அட்டவணையிலும் வராது.

முந்நூற்றுப் பன்னிரண்டின் கடைசி வாக்கியம் இப்படி:
‘குடிகளிடமிருந்து எடுக்கப்பட்ட இரையாண்மை
எல்லையில் எத்தனை அமைதி கொண்டுவந்தாலும்’
அவ்வளவுதான்.
அதற்குமேல் அவர் எழுதவில்லை.
மேசையிலேயே இறந்து கிடந்தாராம்.
பதிப்பாசிரியர் மூன்று புள்ளி வைத்திருக்கிறார்,
எறும்பு மாதிரி.

டீ வந்தது. கூடவே முப்பிடாதியும் வந்தாள்,
மாடிப்படி ஏறின மூச்சோடு.
திங்கள் மூன்று மணிக்கு மனு முடிகிறது.
ஊரில் ஏலத்துக்கு மைக் செட் சொல்லியாச்சு.
‘முன்மொழிய ஒரு கையெழுத்து வேணும்.
பதினெட்டுப் பேருகிட்டக் கேட்டாச்சு.
நீ பத்தொம்பது.’

மனுவை வாங்கிப் பழக்கதோஷத்தில் படித்தேன்.
பிழை இல்லை.
‘தொழில்’ என்ற இடத்தில் பீடி என்று மட்டும் இருந்தது.

பிறகு புத்தகத்துக்குத் திரும்பி
இடையின ரகரத்தை அடித்து
வல்லினம் போட்டேன்.
மூன்று புள்ளியை அப்படியே விட்டேன்.

சிவப்பு மை மனுவில் செல்லாது.
முதலாளி காந்திமதிநாதனிடம்
நீலப் பேனா கேட்டேன்.
எதற்கு என்று கேட்டார்.