இந்த வருஷத்துப் புல்

நாலாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
திருவனந்தபுரத்துக் கடைக்காரன்
அந்த ஒற்றை ரூபாயைத் திருப்பித் தந்ததே இல்லை.
எட்டு வருஷத்துக்கு எட்டு ரூபாய்.
அது கிடக்கட்டும்.

களியக்காவிளையில் பஸ் மாறி
மடியில் பொதியோடு நீரோடி வந்து சேரும்போது
ஷட்டருக்கு முன்னால் ஏழெட்டு ஜோடிச் செருப்பு.
"வந்தாச்சா?"

வந்தாச்சு.
அட்டையில் வேறொருவன் வாய்பிளந்து கத்துகிறான்.
போன வருஷம் கத்தியவன் கிளப் மாறிவிட்டான்,
சம்பளம் போதவில்லையாம்.

முதல் அரைமணி நேரம் எவனும் கோலடிப்பதில்லை.
புல்லைப் பார்க்கிறோம்.
இந்த வருஷம் ஒவ்வொரு புல்லும் தனியாக அசைகிறது.
கோல்கீப்பர் கழுத்தில் வியர்வை
துளி துளியாய் இறங்கிக் காலருக்குள் போகிறது.
மழை பெய்தால் காலுறை நனைகிறது,
முட்டிக்குக் கீழே மட்டும்,
மிகச் சரியாக.

அனிட்டன் கேட்கிறான்:
"அண்ணே, கார்னர்ல இவன் இப்பவும்
எதிர்ப்பக்கம்தானா சாடுகான்?"

கார்னர் எடுக்கிறோம்.
எதிர்ப்பக்கம்தான் சாடுகிறான்.
வியர்வை தெறிக்க, புல் மடங்க,
எட்டு வருஷமாய் அதே சாட்டம்.

மணிக்கு நாற்பது ரூபாய்.
நூற்றுப்பன்னிரண்டரை மணி நேரம் ஓடினால்
டிஸ்க் காசு தேறும்.
கரண்டும், இடது குமிழ் தானாக நகரும் கண்ட்ரோலரும்
வேறு கணக்கு.

ஒரு வருஷம் வாங்காமல் இருந்து பார்த்தேன்.
பழசிலேயே ஆடுங்கள், என்ன குறைச்சல் என்றேன்.
சரிதாண்ணே என்று தலையாட்டினார்கள் எல்லோரும்.
மறுநாள் ஒரு செருப்பும் இல்லை.
பொழியூரில் புதுசு ஓடுகிறது,
எல்லை தாண்ட எட்டு நிமிஷம்.
பத்தாவது நாள் திருடன் மாதிரி
பஸ் ஏறினேன்.

பழைய டிஸ்குகளை
ஃபிலோமினா அக்கா கேட்டு வாங்கிப் போனாள்.
நெத்திலி காயும் மணலுக்கு மேல்
கயிறு கட்டித் தொங்கவிட்டாள்.
முதல் டிஸ்க் மினுங்கியதும் காகங்கள்
கோயில் கோபுரம்வரை பறந்தன.
இரண்டாவதற்கு மதில்வரை.
மூன்றாவது வருஷம் ஒரு காகம்
அதில் தன் மூக்கைப் பார்த்துவிட்டு
நெத்திலியை எடுத்துக்கொண்டது.

நாங்கள் காகத்தைவிட மெதுவு.

எங்கள் டீம் புது டிஸ்குக்கு வராது.
போன வருஷம் உட்கார்ந்து உண்டாக்கிய 'நீரோடி'
போன வருஷத்தோடு சரி.
அதனால் ஞாயிறு பூசை முடிந்து
பதினோரு பேரையும் முதலிலிருந்து செய்கிறோம்.
தேர்ந்தெடுக்க நாற்பத்தாறு மூக்கு உண்டு,
ஒன்றும் எங்கள் கடற்கரை மூக்கில்லை.

அப்புறம் மார்க்.
வேகம், உதை, தம், எல்லாம் நூற்றுக்கு.
தன் மார்க்கைத் தானே சொல்லக்கூடாது,
அதொன்றுதான் சட்டம்.

ஆக்னல் நாற்பது நாள் தங்கல் முடிந்து
நேற்றுத்தான் கரையேறினான்.
கயிறு அறுத்த உள்ளங்கையில் கண்ட்ரோலர்.
தம்மில் ஐந்து கூட்டினோம், பேச்சில்லை.

ஷெர்லின் மஸ்கட்டில் இருக்கிறான்.
இவ்வருஷமும் வரமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும்.
பெஞ்சில் போட்டோம்.
விலை கேட்டு இரண்டு கிளப் வந்தது,
இல்லை என்று அமுக்கினோம்.

ரெஜினுக்குப் போன வருஷம் வேகம் எண்பத்திநாலு.
பங்குனியில் மார்த்தாண்டத்தில்
முட்டிக்குள் கம்பி வைத்தார்கள்.
அம்புக்குறி அந்தக் கட்டத்தில் நின்று துடித்தது.
மின்விசிறிச் சத்தம்.
யாரோ பைய, "அறுபத்தொண்ணு."

ரெஜின் திரையையே பார்த்தான்.
"அறுபத்திமூணு போடுலே.
நேத்து ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிச்சேன்."

சட்டம் மீறியது.
போட்டோம்.

கடைசியாக மேனேஜர், அதாவது நான்.
முகம் பழையதே. முடிக்குப் பன்னிரண்டு படம்.
மூன்று வருஷமாய் வைத்திருந்த அதே முடியில்
கொண்டுவந்து நிறுத்தினேன்.

ஒன்றும் சொல்லாமல்
அனிட்டன் கையிலிருந்து கண்ட்ரோலரை வாங்கி
வலப்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினான்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்,
முதலில் திரையை, பிறகு என்னை.

மிகச் சரி.